எள் வாங்காத வீடு

அம்மாவின் மூடநம்பிக்கைகளைச் சொல்லிச் சிரிப்பது எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். யாராவது தும்மினால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்பாள், செவ்வாய்க்கிழமை நகம் வெட்ட விடமாட்டாள், பூனை குறுக்கே போனதற்காக ஒருமுறை அப்பாவை வேலைக்கே தாமதமாக அனுப்பினாள் என்று வரிசையாகப் போய்க் கடைசியில் எள் கதையில் வந்து நிற்போம். அந்தக் கதையைச் சொல்லும் பொறுப்பு என்னுடையது, ஏனென்றால் அன்று வாசலில் நின்றது நான்தான். அம்மாவும் கூடவே சிரிப்பாள். "அப்ப நான் சுத்தப் பட்டிக்காடுடி" என்று ஒத்துக்கொள்வாள். அம்மா எதையும் அவ்வளவு சுலபத்தில் ஒத்துக்கொள்கிற ஆள் கிடையாது. அது எனக்கு உறைக்க எவ்வளவோ வருடங்கள் ஆயின.

ஆரணிப் பக்கத்திலிருந்து நாங்கள் பெங்களூருக்குக் குடிபோனபோது எனக்கு எட்டு வயது. அப்பாவுக்குப் பீன்யாவில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டும் வேலை கிடைத்திருந்தது. நீலசந்திராவில் ரொம்ப நாளாகக் குடியிருந்த பெரியப்பா, தன் தெருவிலேயே வீடு பார்த்துத் தருகிறேன், அங்கே காலையில் எழுந்ததிலிருந்து தமிழ்தான், ஊரை விட்டு வந்ததே தெரியாது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அப்பா கேட்கவில்லை. ஊரை விட்டு வந்தது தெரிய வேண்டாமா என்று திருப்பிக் கேட்டார். பிழைக்கப் போன இடத்தில் அந்த ஊர்க்காரர்களோடு இருந்தால்தான் ஊர் பிடிபடும் என்பது அவர் கட்சி. கன்னடம் என்ன கம்பசூத்திரமா, ஆறு மாதத்தில் பேசிவிடலாம் என்றார். ஆறு மாதம் கழித்து அவருக்கு வந்ததெல்லாம் 'கொத்தில்லா' என்ற ஒரே வார்த்தை. 'தெரியாது' என்று பொருள். அதை மட்டும் உள்ளூர்க்காரர் தோற்றுப்போகும்படி சொல்வார்.

அவர் பிடித்த வீடு பட்டறைக்குப் போகும் வழியில் ஒரு வட்டாராவில் இருந்தது. நடுவில் சிமெண்ட் முற்றம், அதைச் சுற்றிச் சின்னச் சின்ன வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். இப்படி இருந்தால் அங்கே அதற்கு வட்டாரா என்று பெயர். எங்கள் வீடு சுற்றி எண்ணி வந்தால் கடைசி வீடு, தெருக்கதவை ஒட்டினாற்போல் இருந்தது. எங்களைத் தவிர மற்ற எல்லோரும் கன்னடம் பேசுகிறவர்கள்.

அப்பாவுக்குப் பட்டறை இருந்தது, எனக்குப் பள்ளிக்கூடம் இருந்தது, அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. ஊரில் அவள் வாய் ஓய்ந்து நான் பார்த்ததில்லை. தண்ணீருக்குப் போனால் ஒரு கதை, உப்பு வாங்கப் போனால் ஒரு சண்டை என்று திரும்பி வருவாள். இங்கே வந்ததும் கிணற்றில் போட்ட கல் மாதிரி ஆகிவிட்டாள். நாள் முழுக்க ரேடியோவின் முள்ளைத் திருகித் திருகித் தமிழ் தேடுவாள். கரகரவென்ற இரைச்சலுக்குள் எங்கோ ஒரு தமிழ்க் குரல் உர மூட்டை விலையைச் சொல்லிக்கொண்டிருக்கும். அதைக் காதைக் கொடுத்துக் கேட்பாள். எங்களுக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. நான் பள்ளி விட்டு வந்ததும் புத்தகப் பையைக்கூட இறக்க விடாமல் பேச ஆரம்பிப்பாள். எனக்கோ நாள் முழுதும் புரியாத பாஷையைக் கேட்டுத் தலை கனத்திருக்கும். கன்னட எழுத்து தெரியாது என்பதற்காக என்னை ஒரு வகுப்பு கீழே இறக்கி உட்கார வைத்திருந்தார்கள். குட்டிப் பிள்ளைகளுக்கு நடுவே நான் மட்டும் ஒட்டகச்சிவிங்கி போல நெடுநெடுவென்று உட்கார்ந்திருப்பேன். அம்மா பேசுவதற்கு நான் 'ம்' கொட்டுவேன், சில நாள் அதையும் கொட்டமாட்டேன். அப்போது அவள் பேச்சை நிறுத்திக்கொண்டு பாத்திரம் துலக்கப் போய்விடுவாள்.

குழாயடியில் வேறு ஒரு தொல்லை. அம்மா விடியும் முன்பே போய்க் குடத்தை முதலில் வைத்துவிட்டு வருவாள். தண்ணீர் வரும் நேரத்துக்குப் போய்ப் பார்த்தால் குடம் வரிசையின் வாலில் நிற்கும். தமிழச்சி என்று நம்மை மட்டம் தட்டுகிறார்கள் என்று அப்பாவிடம் அழுதாள். அப்பா வழக்கம்போல் கொத்தில்லா என்றார். எதிர்வீட்டு ஆன்ட்டிதான் ஒரு நாள் அம்மாவின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய், ஒவ்வொரு வீட்டு நிலையிலும் எழுதியிருந்த எண்ணைத் தொட்டுக் காட்டி, அந்தந்த வீட்டுக் குடத்தையும் தொட்டுக் காட்டினார். அங்கே முதலில் வந்தவர் முதலில் என்ற கணக்கே இல்லை. வீட்டு எண் வரிசைப்படிதான் குடங்கள் நிற்கும், எங்கள் வீடு கடைசி எண். அன்றைக்கு அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தபடி உள்ளே வந்தாள். பெங்களூரில் அவள் சிரித்து நான் அப்போதுதான் பார்த்தேன்.

அதிலிருந்து எதிர்வீட்டோடு ஒரு போக்குவரத்து ஏற்பட்டது. ஆன்ட்டிக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குக் கன்னடம் தெரியாது. ஆனால் ஆன்ட்டி ஒரு எவர்சில்வர் டப்பாவில் எலுமிச்சம்பழச் சித்ரான்னம் கொடுத்தனுப்பினார். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரும் பழக்கம் அம்மாவுக்குக் கிடையாது. அடை வார்த்து வைத்துக் கொடுத்தாள். நல்லவேளையாக அந்தப் பழக்கம் அவர்களுக்கும் இருந்தது. அந்த டப்பா அடுத்த வாரம் அவல் உப்புமாவோடு திரும்பி வந்தது. இப்படியே அது முற்றத்தைக் கடந்து போவதும் வருவதுமாக இருந்தது. அது யார் வீட்டுப் பாத்திரம் என்பதே கொஞ்ச நாளில் மறந்துபோகும் அளவுக்கு ஆயிற்று. ஆன்ட்டியின் மகள் ஷைலாவும் நானும் ஒரே வகுப்பு. என்னைக் கீழே இறக்கியதில் நடந்த ஒரே நன்மை அதுதான். அவள் என்னைவிட ஒரு வயது சின்னவள், முன்பற்கள் இரண்டும் இல்லை. எனக்குத் தெரிந்த கன்னடம் முழுவதையும் அந்த ஓட்டை வாயிலிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

அந்த டிசம்பரில் காவிரித் தண்ணீர் விவகாரத்தில் ஊர் கொதித்தது. எனக்கு அதெல்லாம் தெரியாது. மத்தியானமே பள்ளியை விட்டார்கள், அது ஒன்றுதான் தெரியும். ஷைலாவும் நானும் குதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். அவள் அம்மா வாசலுக்கு ஓடி வந்து அவளை வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டார். என் அம்மா என்னை இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மெயின் ரோடு பக்கமிருந்து கரும்புகை எழுந்தது. தமிழ்நாட்டு நம்பர் போட்ட லாரி ஒன்று எரிந்ததாகப் பிறகு சொன்னார்கள். கூட்டத்தின் சத்தம் ஒரு சமயம் தூரத்தில் கேட்கும், ஒரு சமயம் பக்கத்துத் தெருவில் கேட்கும். அப்பா பட்டறையில் இருந்தார்.

அம்மா கதவைத் தாழ் போட்டுவிட்டு, அதன் மேல் முதுகைச் சாய்த்து நின்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, தாழை நீக்கி என் கையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து எதிர்வீட்டுக்கு ஓடினாள். எங்கள் வீடுதான் தெருக்கதவுக்கு முதல், வந்தால் முதலில் எங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள் என்று எனக்கு இப்போது தெரிகிறது. எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அம்மா தட்டினாள். பிறகு உள்ளங்கையால் அடித்தாள். "அக்கா, அக்கா" என்று கதவோடு வாயை வைத்துக் கூப்பிட்டாள். சத்தமாகக் கூப்பிடப் பயம், தமிழ் தெருவுக்குக் கேட்டுவிடும். உள்ளே குக்கர் விசில் அடித்தது. மறுபடியும் தட்டினாள். மறுபடியும் விசில். கதவு திறக்கவில்லை.

"வீட்ல யாரும் இல்ல போல. வா" என்றாள் அம்மா.

"குக்கர் சத்தம் கேக்குதேம்மா" என்றேன்.

"அந்தச் சத்தத்துலதான் நாம தட்டறது கேக்கல. வா."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. எங்கள் வீட்டுக் குளியலறையில் தண்ணீர் அண்டாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டோம். அம்மா என் வாயைப் பொத்தியிருந்தாள். நான் பேசவே இல்லை, ஆனாலும் பொத்தியிருந்தாள். எங்கோ ஒரு தகரக் கூரையில் கல் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் சத்தம் மெயின் ரோடோடு போய்விட்டது. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பொழுது சாயும் நேரத்தில் அப்பா வந்தார். கூட வேலை செய்யும் கன்னடக்காரர் ஒருவர் தன் ஹெல்மெட்டை இவர் தலையில் கவிழ்த்து, யார் நிறுத்தினாலும் நீ வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்து விட்டிருந்தார். ஹெல்மெட் பெரியது, அதற்குள் அப்பாவின் முகம் எங்கோ இருந்தது. நான் சிரித்துவிட்டேன். யாரும் என்னைத் திட்டவில்லை.

ஊரடங்கைத் தளர்த்தியதும் நீலசந்திராவுக்குப் போனோம். பெரியப்பாவின் இரண்டு அறை வீட்டில் எங்களைப் போல வந்து சேர்ந்த சொந்தக்காரர்கள் வேறு, எள் விழ இடமில்லை. எனக்கு அது திருவிழா மாதிரி இருந்தது. தெருவில் இறங்கினால் தமிழ், கடையில் தமிழ், திட்டுவதும் தமிழ். அம்மா வாயைத் திறந்தவள் மூடவில்லை. பெரியம்மா எள்ளுருண்டை பிடித்திருந்தாள். அம்மா கையை நீட்டி இரண்டு முறை கேட்டு வாங்கித் தின்றாள். ஆனால் எதிர்வீட்டுக் கதவைப் பற்றி அங்கே அவள் யாரிடமும் சொல்லவில்லை. நான் ஆரம்பித்தபோது, சின்னப் பிள்ளைக்கு என்ன பெரிய பேச்சு என்று அடக்கிவிட்டாள். ஊருக்கே திரும்பிவிடலாமா என்று அப்பா கேட்டார். எல்லோரும் அவள் சரி என்பாள் என்றுதான் நினைத்தோம். பிள்ளை படிப்பு பாதியில் நிற்கிறது என்றாள். பள்ளி திறந்ததும் வட்டாராவுக்கே திரும்பினோம்.

திரும்பி வந்த பிறகு எதுவும் மாறவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. குடங்கள் வரிசையில் நின்றன. ஆன்ட்டி குழாயடியில் தன் குடத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அம்மா தன் குடத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். எதிர்வீட்டு டப்பா எங்கள் அலமாரியில் இருந்தது. கலவரத்துக்கு முன்னால் வந்தது. அம்மா அதைத் துலக்கிக் கவிழ்த்து வைத்திருந்தாள், ஆனால் அதில் எதுவும் வைத்துக் கொடுக்கவில்லை. அதைத் தொட்டுத் துடைப்பாள், இருந்த இடத்திலேயே திரும்ப வைப்பாள். கதவு மட்டும் பகலிலும் தாழ் போட்டே இருந்தது. நான் வந்தால்கூட யார் என்று கேட்டுவிட்டுத்தான் திறப்பாள். ஷைலாவோடு விளையாடக் கூடாது என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை. "அவங்க வூட்டுக்குள்ள மட்டும் போவாத" என்றாள்.

பொங்கல் நெருங்கியது. அங்கே அது சங்கராந்தி. முற்றத்தில் பாய் விரித்துக் கொப்பரைத் தேங்காயைப் பொடிப்பொடியாக நறுக்கிக் காய வைத்தார்கள். வெல்லத்தையும் அதே அளவுக்கு நறுக்கி வைத்தார்கள். வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை, பொட்டுக்கடலை, வெள்ளை எள் எல்லாவற்றையும் கலந்தால் அது எள்ளு பெல்லா. மர அச்சில் சர்க்கரைப் பாகை ஊற்றிக் கிளி, தாமரை, விளக்கு என்று பொம்மைகள் வேறு செய்தார்கள். காக்கை விரட்டும் வேலை ஷைலாவுக்கும் எனக்கும். சங்கராந்தி மாலையில் பெண்பிள்ளைகள் பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு அதைத் தட்டில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள், உங்கள் வீட்டுக்கும் நான் வருவேன் என்று ஷைலா சொன்னாள். இது அத்தனையையும் தினமும் அம்மாவிடம் ஒப்பித்தேன். வேறு எதற்கும் வாய் திறக்காத மகள் இதற்கு மட்டும் மூச்சு விடாமல் பேசுவதை அவள் அரிசியில் கல் பொறுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். நம் வீட்டுக்கும் வருவாளாம் என்றபோது, "வரட்டும், பாப்போம்" என்றாள்.

பொங்கலன்று முற்றத்தில் மூன்று செங்கல் வைத்து அடுப்பு மூட்ட வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை இருந்தது. அப்பா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு உள்ளேயே வைத்துவிடு என்றார். மண்ணெண்ணெய் அடுப்பில், சாத்திய கதவுக்குள்ளே பானை ஏறியது. பால் பொங்கி வழிந்தபோது நான் பொங்கலோ பொங்கல் என்று கத்த வாயெடுத்தேன். அப்பா உதட்டில் விரலை வைத்தார். மூன்று பேரும் அடுப்பைச் சுற்றி நின்று, தூங்குகிற குழந்தையை எழுப்பிவிடக் கூடாது என்பது போல, பொங்கலோ பொங்கல் என்று ரகசியமாகச் சொன்னோம். அப்படிச் சொல்லி முடித்ததும் அம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு தெருவுக்கே கொடுக்கிற கைப்பழக்கத்தில் பானை நிறையப் பொங்கல் வைத்திருந்தாள், தின்பதற்கு ஆள் மூன்று பேர்தான். சாயங்காலம் அப்பா ஒரு தூக்கில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு நீலசந்திராவுக்குப் போனார். அம்மா வரவில்லை என்றுவிட்டாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஷைலா வந்தாள். பச்சைப் பட்டுப் பாவாடை, தலை நிறையக் கனகாம்பரம், கையில் தட்டு. மற்ற வீடுகளுக்கெல்லாம் ஆன்ட்டியும் கூடவே போனதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தேன். எங்கள் வீட்டுக்கு அவளை மட்டும் அனுப்பிவிட்டு, அவர் தன் வீட்டு நிலையைப் பிடித்தபடி நின்றிருந்தார். "எள்ளு பெல்லா தகொள்ளி ஆன்ட்டி" என்று தட்டை நீட்டிய ஷைலா, மனப்பாடம் செய்திருந்த ஒரு வரியையும் ஒப்பித்தாள். "எள்ளு பெல்லா திந்து ஒள்ளெ மாத்தாடு." எள்ளும் வெல்லமும் தின்று நல்ல பேச்சுப் பேசு என்று அர்த்தம். சங்கராந்திக்கு அங்கே எல்லோரும் எல்லோருக்கும் சொல்வது.

அம்மா தட்டைப் பார்த்தாள். பிறகு ஷைலாவின் தலைக்கு மேலாக எதிர்வாசலைப் பார்த்தாள்.

"எங்கள்ல எள்ளு கைநீட்டி வாங்க மாட்டோம். செத்தவங்களுக்குத்தான் எள்ளும் தண்ணியும் எறைப்போம். நல்ல நாளும் அதுவுமா வேணாம்னு சொல்லுடி" என்றாள் என்னிடம்.

அதைச் சொல்ல வேண்டியவள் நான். அந்த முற்றத்தில் இருவருக்கும் பொதுவாகப் பேசத் தெரிந்த ஒரே ஆள் நான்தானே. அம்மா சொன்ன அவ்வளவையும் கன்னடத்தில் சொல்ல எனக்கு வராது. எனக்கு வந்தது கடைசி வார்த்தை மட்டும்தான். "பேடவந்தெ" என்றேன். வேண்டாமாம் என்று அர்த்தம். ஷைலா தட்டைக் குனிந்து பார்த்தாள், அதில் ஏதும் தப்பாக வைத்துவிட்டோமா என்று தேடுகிற மாதிரி. சர்க்கரைக் கிளி ஒன்று மேலே இருந்தது. அது எனக்கென்று அவள் எடுத்து வைத்திருந்த கிளி, வால் உடையாமல் வந்த ஒரே கிளி. பிறகு திரும்பிப் போனாள். அம்மா கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டுச் சுவரைப் பார்க்கப் படுத்துக்கொண்டாள்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த ஊரில் எனக்கென்று இருந்தது ஒரே ஒரு ஓட்டைவாய்ச் சிநேகிதி. அவளையும் என் வாயாலேயே அனுப்பியாயிற்று. விடுமுறை முடிந்து யாரோடு பள்ளிக்குப் போவது, யார் பக்கத்தில் உட்காருவது? எள்ளைத் தொட்டால் செத்துவிடுவோம் என்றால் முற்றம் முழுக்க இத்தனை பேர் எப்படி உயிரோடு இருக்கிறார்கள் என்று அம்மாவை எழுப்பிக் கேட்க நினைத்தேன். அப்போதுதான் அலமாரியில் டப்பா கண்ணில் பட்டது. அவர்கள் வீட்டு டப்பா. ஒரு நாள் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும். வெறுமையாகக் கொடுக்கக் கூடாது. பானையில் பாதிக்கு மேல் பொங்கல் இருக்கிறது. எட்டு வயதுக்கு இதற்கு மேல் என்ன கணக்கு வேண்டும்? டப்பா நிறையப் பொங்கலை அள்ளி வைத்து, முந்திரியாகப் பொறுக்கி மேலே போட்டு, தாழைச் சத்தமில்லாமல் நீக்கிக்கொண்டு போனேன்.

ஆன்ட்டி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். ஷைலா உள்ளே பட்டுப் பாவாடையோடு குப்புறக் கிடந்தாள். நான் டப்பாவை நீட்டினேன். ஆன்ட்டி அதை உடனே வாங்கவில்லை, ஏதோ பாம்புப் பெட்டியைப் பார்ப்பது போல் பார்த்தார்.

"அம்மா கொட்ரா?" என்று கேட்டார். அம்மா கொடுத்தார்களா என்று. நான் தலையை ஆட்டினேன், எந்தப் பக்கமாக ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. பிறகு அவர் குரலை ரொம்பவும் தாழ்த்திக்கொண்டு, அம்மாவுக்குக் கோபமா என்று கேட்டார்.

கோபமெல்லாம் ஒன்றுமில்லை, எள் என்றால் எங்களுக்கு ஆகாது, அவ்வளவுதான் என்று விளக்க வேண்டும். வார்த்தை போதவில்லை. கண்ணை மூடி, நாக்கைத் தள்ளிச் செத்துக் காட்டினேன். பிறகு கையில் தண்ணீர் விட்டு எள்ளை இறைப்பதைச் செய்து காட்டினேன். உள்ளேயிருந்து ஷைலா களுக்கென்று சிரித்தாள். ஆன்ட்டிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அது கறுப்பு எள், இது வெள்ளை எள், எங்களுக்கும் அதற்குக் கறுப்புதான் என்றார். சொல்லிவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அஷ்டேனா?" என்றார். அவ்வளவுதானா?

"அஷ்டே" என்றேன்.

"பேரே ஏனூ இல்வா?"

வேறு ஒன்றும் இல்லையா என்று மறுபடியும் கேட்டார். வேறு என்ன இருக்கிறது? இல்லை என்றேன். ஆன்ட்டி முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. எள் விஷயத்துக்கெல்லாம் பெரியவர்கள் அழுவார்களா என்று எனக்குச் சங்கடமாகப் போயிற்று. முந்திரி நிறையப் போட்டிருக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் எழுந்து உள்ளே போனார். பொங்கலை வேறு பாத்திரத்தில் மாற்றி, டப்பாவைக் கழுவித் துடைத்து, எள்ளும் வெல்லமும் வழிய வழிய நிரப்பினார். ஷைலா எழுந்து வந்து கிளியை மேலே வைத்தாள். வெறும் டப்பாவாகத் தர மாட்டார்கள் என்பதை மட்டும் நான் யோசிக்காமல் விட்டிருந்தேன்.

திரும்பி வந்தால் எங்கள் வாசலில் அம்மா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. இன்றைக்கு முதுகு பிய்ந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

"டப்பா அவங்களுதுதானேம்மா" என்றேன் முந்திக்கொண்டு.

அம்மா டப்பாவை வாங்கி மூடியைத் திறந்தாள். எள்ளைப் பார்த்தாள், கிளியைப் பார்த்தாள். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"கதவைத் தட்டினியா?" என்றாள்.

"இல்லியே. தொறந்துதான் இருந்துச்சு."

"அவங்க எங்க இருந்தாங்க?"

"வாசப்படியில குந்தினு இருந்தாங்க."

அம்மா நிமிர்ந்து எதிரே பார்த்தாள். நானும் திரும்பிப் பார்த்தேன். எதிர்வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது, உள்ளே விளக்கு எரிந்தது, ஆன்ட்டி மறுபடியும் படியில் வந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் எழுந்து வரவில்லை. நடுவில் இருந்த முற்றம் என்னமோ பத்துக் காலடிதான். அம்மா டப்பாவுக்குள் விரலை விட்டு ஒரு சிட்டிகை எள்ளை எடுத்து, ஆன்ட்டி பார்க்கும்படி வாயில் போட்டுக்கொண்டாள். வெகுநேரம் மென்றாள்.

இப்போதுதானே எள் என்றால் சாவு என்றாள், நானும் அதை எதிர்வீட்டுக்குப் போய்ச் செத்துக்காட்டி வேறு வந்திருக்கிறேன். அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவளுக்கு ஏதாவது ஆகிறதா என்று. ஒன்றும் ஆகவில்லை. கண் மட்டும் நிறைந்திருந்தது. வெல்லம் அவ்வளவு தித்திப்பாக இருக்கிறதாக்கும் என்று எண்ணிக்கொண்டேன். நீலசந்திராவில் பெரியம்மா கையிலிருந்து அவள் எள்ளுருண்டை கேட்டு வாங்கித் தின்றது என் நினைவுக்கு வரவே இல்லை. வந்திருந்தால் இத்தனை வருடம் அவளை வைத்து நாங்கள் சிரித்திருக்க மாட்டோம்.

உள்ளே வந்து உட்கார்ந்தோம். அம்மா கதவைச் சாத்தவில்லை. தை மாதத்துப் பெங்களூர்க் குளிர் முற்றத்தைத் தாண்டி வீட்டுக்குள் வந்தது. அடுப்படி வரைக்கும் தரை சில்லிட்டுப் போயிற்று.

"குளிருதும்மா, கதவைச் சாத்து" என்றேன்.

"இருக்கட்டும்" என்றாள்.

"யாரும் அண்ட வேணாம்னு பகல்லயே சாத்தி வெப்ப, இப்ப மட்டும் என்னாவாம்?"

"இருக்கட்டும்டி" என்றாள் மறுபடியும். அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. அவள் எள்ளைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை, கதவைப் பற்றியேதான் கேட்டாள் என்பது எனக்குத் தட்டுப்படவில்லை. பெரியவர்கள் ஒரு நேரம் இருப்பது போல் இன்னொரு நேரம் இருக்கமாட்டார்கள் என்று முடிவு செய்து, போர்வையை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு, சர்க்கரைக் கிளியை வாலிலிருந்து நக்க ஆரம்பித்தேன்.